ஆட்டாமல் கொண்டுபோன பாட்டில்

மதினி,

இன்றைக்கு மதுரை ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பையிலிருந்து அந்த வாடை வந்தது. கண்ணைக் கரிக்கும் மருந்துத் தண்ணீர் வாடை. எட்டிப் பார்த்தேன். உள்ளே மூடி போட்ட பாட்டில். சட்டென்று உங்களைத் தேடித் திரும்பினேன். நீங்கள் போய் இரண்டு தீபாவளி சீசன் முடிந்துவிட்டது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

அந்த வருஷம் பங்குனிப் பொங்கலுக்கு நம் தெருவில் ரேடியோ செட்டு அலறிக்கொண்டிருந்ததே, அன்றைக்குத்தான் எல்லாம் ஆரம்பித்தது. என் மகள் மாரீசு வயிற்று வலியில் வீட்டுக்குள் சுருண்டு கிடந்தாள். நான் வாசலில் பொங்கல் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டிலிருந்து நீங்கள்தான் ஓடி வந்தீர்கள்.

"ஏத்தா, பிள்ள முனங்குது. காதுல விழலையா?"

அம்புட்டுச் சத்தத்தில் உங்களுக்கு மட்டும் எப்படிக் கேட்டது என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "எல்லாருக்கும் எல்லாம் கேக்கத்தான் செய்யும். எதுக்குத் திரும்புறோம்ங்கிறதுதான் தாயி" என்றீர்கள். நாம் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியிலும் நீங்கள் அப்படித்தான். நாங்கள் பேச்சும் சிரிப்புமாக இருப்போம். எங்கோ ஒரு வெடிமருந்துத் தட்டு தரையில் உரசினால் உங்கள் தலை மட்டும் நிமிரும்.

சிவகாசியில் ஆபரேஷன் செய்து மாரீசின் குடல்வாலை எடுத்தார்கள். அதைப் பாட்டிலில் போட்டுக் கையில் கொடுத்து, மதுரைக்குக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். என் வீட்டுக்காரருக்கு மனசில்லை.

"அதான் வெட்டி எடுத்தாச்சுல்ல? இதுல என்னத்தப் பாக்கப் போறாக? தூரப் போடு."

"ஏய்யா தம்பி, லோடு ஏத்துமுன்ன ஒரு வெடியக் கொளுத்திப் பாக்கிறோம்ல? பிள்ள வயித்துல இருந்து எடுத்தத மட்டும் பாக்காமப் போட்டுருவீகளோ?" என்றீர்கள். அவர் சட்டைப் பையிலிருந்து பஸ் காசை எடுத்துக் கொடுத்தார்.

பஸ்ஸில் சேலை முந்தியைச் சும்மாடு போலச் சுருட்டி மடியில் வைத்து, அதன்மேல் பாட்டிலை நிறுத்தி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டே வந்தீர்கள். நான் வாங்கப் போனதற்கும் தரவில்லை. "ஆட்டாமக் கொண்டு போகணும்" என்றீர்கள். கண்டக்டர், "என்னக்கா, கோழி முட்டையா?" என்றார். "ஆமாய்யா, அடைகாத்துக்கிட்டுப் போறேன். நீ இடிச்சிராத" என்றீர்கள்.

சோதனை செய்கிற இடத்துப் பையன் சிரித்தான். "பாட்டிலை ஆட்டினா ஒண்ணும் ஆகாதும்மா."

"எங்க ஊர்ல ஆட்டுனா ஆகும், சார்."

குடல்வாலின் நுனியில் மிளகு அளவுக்குக் கட்டி இருந்ததாம். டாக்டர் சொன்னபோது உங்கள் தோளைத்தான் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகளுக்கு அபூர்வமாக வருகிற கட்டி, சின்னதாக இருக்கும்போதே முழுதாக வெளியே வந்துவிட்டது, இருந்தாலும் கொஞ்ச காலம் வந்து காட்டுங்கள் என்றார். ஒவ்வொரு தடவையும் நீங்கள் கூட வந்தீர்கள், திருப்பூருக்கு மகன் வீட்டுக்குப் போகிற வரைக்கும்.

அங்கே காமாலை முற்றி நீங்கள் கிடந்தது எனக்குத் தெரியாது. தகவல் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உங்கள் தலையை ஒரு பொழுதாவது என் மடியில் வைத்துப் பார்த்திருக்கலாம் மதினி. அந்த ஏக்கம் போகமாட்டேன் என்கிறது.

இன்றைக்கு ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர், "இனிமே இதுக்காக வர வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டார். மாரீசு உங்கள் வீட்டைத் தாண்டும்போது கத்திச் சொல்ல வேண்டிய சேதி. அந்த வீட்டில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

திரும்பி வரும்போது அவள் என் மடியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். உயரமாக வளர்ந்துவிட்டாள், கால் சீட்டில் அடங்கவில்லை. விருதுநகர் தாண்டி ஒரு பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டது. நான் நினைக்கும் முன்னே என் இரண்டு கையும் அவள் தலையை அணைத்திருந்தன.

ஆட்டாமல்தான் கொண்டு வந்தேன், மதினி.