நீங்கள் காட்டாத கோபம்

அக்கா,

இன்று காலை பரிசோதனைக்கு வந்த குழந்தையின் காலில் வேப்பெண்ணெய் வாசனை. பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெய். "தப்பா நெனைக்காதீங்க டீச்சர், காத்தால தேச்சுவுட்டது" என்று அதன் அம்மா முந்தானையால் துடைத்தாள். நீங்களும் உங்கள் மகளுக்கு இப்படித்தான் தேய்த்துக் கூட்டி வருவீர்கள். காமாலையில் நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது.

முதல்முறை வந்தபோது நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, ஆறு வயது மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கால்களும் வலக்கையும் விறைப்பு, பேச்சும் குழறும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் உங்கள் ஆசை. அதற்கு என் அறிக்கை வேண்டியிருந்தது. நான் சிறப்பாசிரியராகச் சேர்ந்த புதுசு. சட்டம் பேசுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை அப்போது.

"நானும் கூட இருக்கட்டுங்களா? வூட்ல நாங்க கன்னடந்தாங்க பேசுவோம்" என்றீர்கள்.

"பெத்தவங்க உள்ள இருக்கக் கூடாதுங்க. வெளிய உக்காருங்க" என்று கதவைச் சாத்தினேன்.

லட்சுமி, லட்சுமி என்று மூன்று தடவை கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. பந்து எங்கே, நாற்காலி எங்கே என்று தமிழில் கேட்டேன். கதவையே பார்த்து அழுதாள். பெயர் சொன்னால் திரும்புவதில்லை, சொல்வது புரிவதில்லை என்று எழுதி, அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்று முடித்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பள்ளிக்கூடம் வேண்டாம், வீட்டிலேயே பயிற்சி போதும் என்றாகிவிட்டது. "அவளுக்கு எல்லாம் தெரியுங்க டீச்சர்" என்றீர்கள். எல்லா அம்மாக்களும் சொல்வதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வருடம் கழித்து, வீட்டுப் பயிற்சியைப் பார்க்க உங்கள் வீட்டுக்கு வந்தேன். வாசலில் தக்காளி கொட்டிக் கிடந்தது. நீங்கள் உள்ளே இருந்தபடி கன்னடத்தில் ஏதோ சொல்லச் சொல்ல, அவள் இடக்கையால் பழுத்ததைத் தனியாகவும் செங்காயைத் தனியாகவும் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. "சின்னு" என்று நீங்கள் குரல் கொடுத்ததும் வெடுக்கென்று திரும்பினாள்.

"ஏங்க, லட்சுமின்னு கூப்பிட மாட்டீங்களா?"

உங்கள் முகம் சிவந்துவிட்டது. "அது எங்க அத்த பேருங்க. நான் எப்படிங்க சொல்றது? வூட்ல எல்லாரும் சின்னுதான்."

எனக்குத் தெரியாத வழக்கமா அது? தாத்தா பேரை வைத்திருக்கிறார்கள் என்று என் அம்மாவே இன்றுவரை என் அண்ணனைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அதை வீட்டோடு விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போயிருக்கிறேன், பாவி.

மறுவாரமே உங்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, நீங்கள் கன்னடத்தில் கேட்க, அவளை மறுபடி சோதித்தேன். அறிவில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். ஏழு வயதில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "வுடுங்க டீச்சர், அதான் சேத்துட்டாங்களே" என்று மோர் கொடுத்தீர்கள். தப்பித்தோம் என்று குடித்துவிட்டு வந்தவள் நான்.

போன மாதம் அவளைப் பார்க்கப் போனேன். ஒன்பதாவது படிக்கிறாள். நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டாள்: "மிஸ், கிளாஸ்ல எல்லாரையும் வுட நான் ஒரு வயசு பெரியவ. சின்னதுல ஒடம்பு சரியில்லாம ஒரு வருசம் வூட்லயே இருந்தேன்னு அம்மா சொல்லுச்சு. என்ன சீக்கு அது, உங்களுக்குத் தெரியுமா?"

இத்தனை வருடமும் என்னைக் காப்பாற்றி வந்திருக்கிறீர்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. நானும் ஆமாம், ஏதோ காய்ச்சல் என்று சொல்லியிருந்தால் போதும்.

"சீக்கெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. ஒனக்குப் புத்தி பத்தாதுன்னு நாந்தான் தப்பா எழுதிட்டேன்."

எழுதுவதை நிறுத்தினாள். பிறகு கேட்டாள்: "அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

நோட்டை மூடினாள். "நீங்க போங்க மிஸ்" என்றாள்.

வந்துவிட்டேன். நீங்கள் என்மேல் பட்டிருக்க வேண்டிய கோபம் அது, அக்கா. அன்றைக்கு மோரைக் கொடுத்து அனுப்பிவிட்டீர்கள். அந்தக் கோபத்தை உங்கள் மகள்தான் கொடுத்தாள், வாங்கிக்கொண்டேன்.