தாய் நாய் படுத்த துணி

ஆவணி 1, ஞாயிறு. சித்தூர்

விடிந்ததிலிருந்து புழுக்கம். வானம் கறுத்து, ஏமாற்றிப் போனது.

படுக்கை விரிப்பு, தலையணை உறை, திரைச்சீலை, என் மேல்துண்டு வரை எல்லாம் வெந்நீரில். ஞாயிறுதோறும் இதே வேலை. தூசிப்பூச்சி சாக வேண்டும் என்பது மருத்துவர் கட்டளை. வளர்மதி துவைக்க, நான் பிழிய, யாழினி கொடியில் கவ்வி மாட்ட. வளர்மதிக்குக் கையெல்லாம் தடிப்பு, சலவைத்தூள் ஒவ்வாது. மகளுக்கு மூச்சிழுப்பு. இவ்வீட்டில் எதுவும் ஒவ்வாமை செய்யாத ஒரே உடல் என்னுடையது.

யாழினிக்குப் பன்னிரண்டு முடிந்தது. ஓடக் கூடாது. மணலில் ஆடக் கூடாது. தோழியர் வீட்டுக்குப் போகக் கூடாது. பையில் இழுப்பு மருந்து இருப்பதால் பள்ளியில் 'பம்ப்பு' என்று பெயராம். தானே சொல்லிச் சிரித்தாள். அச்சிரிப்பை நான் நம்பவில்லை.

மாலையில் என்னிடம் வந்து நின்றாள். "நைனா, வேலூர் ஆசுபத்திரில ஒன்னு சொன்னியே. மறந்துட்டியா, மறந்த மாதிரி கீறியா?"

மறக்கவில்லை. போன கோடையில், உயிர்வளி முகமூடிக்குள் அவள் கண்கள் மேலே செருகியபோது, கையைப் பற்றிக்கொண்டு சொன்னேன்: பிழைத்து வா மகளே, நாய் வாங்கித் தருகிறேன். பிழைத்து வந்துவிட்டாள்.

மருத்துவர் நேற்று சொன்னவை, மறவாதிருக்க:

– தோல் ஆய்வில் தூசிக்குப் பெரிய வீக்கம், நாய்க்குச் சிறியது.
– ஒவ்வாமையே தராத நாயினம் என்று எதுவும் இல்லை. தொல்லை மயிரில் அன்று. எச்சிலில், தோல் பொடியில்.
– ஒரே இனத்திலும் ஒரு நாய் ஒத்துக்கொள்ளும், ஒன்று ஒவ்வாது.
– அவர் கருத்து: வேண்டாம். விடமாட்டோம் என்றால், வாங்கப்போகும் அதே நாயோடு பலமுறை பழகவிட்டுப் பார்ப்பது. வாங்கியபின் அன்று, வாங்குமுன்.

வளர்மதி: "வேணாம்னு டாக்டரே சொல்றாரு. உங்களுக்கு இன்னா, வாய் இருக்குது, சொல்லிட்டு வந்துட்டீங்க."

சொன்ன சொல்.

ஆவணி 3, செவ்வாய்

திருப்பதி. தனியே போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. பேருந்தில் முழுதும் மொட்டைத் தலைகள்.

அலிபிரி போகும் சாலையில் ஒரு கடை. கண்ணாடிக் கூண்டுகள், குளிரூட்டி, மூத்திர நாற்றத்தின்மேல் தெளித்த மல்லிகை மணம். கடைக்காரனுக்கு முப்பது இருக்கும். "ரண்டி சார், உள்ள வாங்க! அலர்ஜி ஃபேமிலியா? கவலய உடுங்க. இது பூடில். முடி கொட்டாது. ஒரு தும்மல் வந்துச்சின்னா என் பேர மாத்திக்கிறேன்."

"தாய் எங்கே?"

"தாய் பெங்களூர்ல சார், பங்களாவுல கீது."

என் பின்னால் நின்ற அம்மையாரும் அதையே கேட்டார். அவருக்குத் தாய் மதராசில் இருந்தது.

குட்டியை உள்ளங்கையில் வைத்து நீட்டினான். கண்ணோரம் பீளை. வயிறு மட்டும் உப்பல். எத்தனை நாள் குட்டி என்றேன். "ரெண்டு மாசம் பக்கா" என்றான். பல்லே முளைத்திருக்கவில்லை.

உள்ளதை எழுதுகிறேன்: பாதிப் பேச்சில் நான் மயங்கித்தான் நின்றேன். மேடையில் பேச்சாளனாக நான் செய்வதையே எனக்குச் செய்தான். கேள்வி எழுமுன் விடை. ஐயம் தோன்றுமுன் நகைச்சுவை. குட்டி தும்மியிராவிட்டால் கையோடு வாங்கி வந்திருப்பேன்.

"சார், குட்டியே தும்முது, பாருங்க, அதுக்கு உங்க மேல அலர்ஜி!" என்றான். கடையே சிரித்தது. நானும்.

செருப்பு வார் அறுந்தது. தைக்கக் கொடுக்க வேண்டும்.

ஆவணி 6, வெள்ளி

கால்நடை மருத்துவர் ஒருவர் சொல்லிவிட்ட இடம். கங்காதர நெல்லூர் தாண்டி, கரும்புத் தோட்டத்துக்கு நடுவில் ஓட்டு வீடு. பத்மாவதி அம்மையார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பூடில் வளர்ப்பு. (சுருள்மயிர் நாய் என எழுதலாம். யாழினி: "பூடில்னே சொல்லு நைனா. நீ தமிழ்ல கூப்ட்டா அது வராது.")

இவர் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. கடன் கேட்டு வந்தவனைப் போல என்னை உட்காரவைத்தார்.

"வீட்ல யாரு யாரு? பகல்ல யாரு இருப்பாங்க? நீங்க ஊர் ஊரா போறவரு, அப்போ யாரு நடக்க கூட்டிகினு போவாங்க? டாக்டர் காகிதம் ஏது?"

காகிதத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தார். "வேணாம்னுதானே எழுதி இருக்குறாரு."

"சிறிய வீக்கம்தான் அம்மா."

"சின்னது பெருசு நீங்க சொல்லாதீங்க சார்."

தாய் நாயை அழைத்தார். வந்தது. கறுப்பு, வாலாட்டவில்லை, மோந்துவிட்டு அவர் காலடியில் படுத்தது. ஈற்றுக்கு இரண்டே குட்டிகள். ஓர் ஈற்று போட்டால் அடுத்த ஆண்டு ஓய்வு. தடுப்பூசி அட்டை, தாயின் இடுப்பெலும்புப் படம், எல்லாம் கேளாமலே காட்டினார். முன்பணம் நீட்டினேன். "அவசரம் லேது. மொதல்ல பாப்பா மூச்சு. அப்பறம்தான் குட்டி."

அவர் விதித்தவை: பாப்பா வந்து முற்றத்தில் நாயோடு இருக்க வேண்டும். தாய் படுத்த துணியை வீட்டுக்குக் கொண்டுபோய் ஏழு நாள் தலைமாட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு மீண்டும் வந்து, மூடிய அறைக்குள். எதில் இழுப்பு வந்தாலும் குட்டி இல்லை.

"ஒருமுறை வளர்த்துப் பார்த்தால்தானே அம்மா தெரியும்? ஒவ்வாவிட்டால் நீங்கள் திரும்பப் பெற்றுக்கொள்வீர்கள் அல்லவா?"

"வாங்கிக்குவேன். எந்த வயசுல கொணாந்து உட்டாலும் வாங்கிக்குவேன். அதோ அது அப்படி வந்ததுதான்." மூலையில் ஒரு வெள்ளை நாய். நாங்கள் பேசிய நேரமெல்லாம் வாயிற்கதவையே பார்த்தபடி. "ரெண்டு வருசமா கதவத்தான் பாக்குது. இன்னொன்னு எனக்கு வேணாம்."

சினத்தோடு உட்கார்ந்திருந்தவன், நம்பிக்கையோடு எழுந்து வந்தேன். தர மறுப்பவரிடமே வாங்க வேண்டும்.

ஆவணி 8, ஞாயிறு

இலேசான தூறல், பின் காற்று. மூவரும் போனோம். முற்றத்தில் வேப்பமர நிழல். யாழினி பாயில் உட்கார்ந்தாள். பழுப்புக் குட்டி வந்து அவள் பாவாடை நாடாவைக் கடித்து இழுத்தது. அவள் சிரித்த ஒலியைக் கேட்டு நானும் வளர்மதியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கேட்டு எத்தனை நாள்.

பெயர்: நான் 'வேங்கை' என்றேன். அவள் 'பன்னு' என்றாள். டீக்கடை பன் நிறமாம். பன்னு என்றே முடிவு.

மூச்சு சீராக. வீடு திரும்பியும் சீராக. பழைய நூல்புடவைத் துண்டைப் பையில் கட்டிக் கொடுத்தனுப்பினார் அம்மையார். தலைமாட்டில் வைத்தாயிற்று.

ஆவணி 11, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. தெருமுனையில் பந்தல், ஒலிபெருக்கி. காணிப்பாக்கம் போகும் வண்டிகளால் ஊரே அடைப்பு. வளர்மதி கொழுக்கட்டை. நான் இரண்டு, யாழினி ஏழு! பசி எடுக்கிறது அவளுக்கு.

துணியோடு மூன்று இரவுகள். இழுப்பில்லை, இருமலில்லை. நானும் எடுத்து மோந்து பார்த்தேன். எதிர்பார்த்த நாய் நாற்றம் சிறிதும் இல்லை. நல்ல இனம்.

வளர்மதி கூட இளகிவிட்டாள். "எங்க படுக்கும்? கூடத்துலயா? ராத்திரி அவ ரூம் கதவ சாத்திடணும், சொல்லிட்டேன்."

ஆவணி 13, வெள்ளி

நகரியில் நெசவாளர் கூட்டம். விசைத்தறி மின்கட்டணம் பற்றி முழங்கினேன். நாற்காலி நூறு, ஆள் முப்பது. இருந்தும் கைத்தட்டல். முடிவில் ஒரு கிழவர்: "நல்லா பேசுன நைனா. கரண்டு பில்லு கொறையுமா?"

யாழினி கைப்பேசியில்: "துன்னுட்டியா? ஞாயித்துக்கெழம மறந்துடாத."

ஆவணி 16, திங்கள். மருத்துவமனை

எழுத முடிகிறது இப்போதுதான்.

நேற்று. மூடிய அறை. வளர்மதிக்கு அவள் கற்பிக்கும் பள்ளியில் தேர்வு வேலை. நாங்கள் இருவரும் மட்டும். யாழினி தரையில், மடியில் பன்னு, பக்கத்தில் தாய் நாய். நான் நாற்காலியில், அம்மையாரை நோக்கி, மகளுக்கு முதுகு காட்டி.

பேசிக்கொண்டிருந்தேன். நாயின் நன்றி பற்றி. மனிதன் விலங்கைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட நாள்தான் அவன் மனிதனான நாள் என்பது பற்றி. நல்ல ஓட்டம். அம்மையார் முகத்தில் முதன்முறையாக ஓர் இளக்கம் கண்டேன். அதற்காக இன்னும் பேசினேன். என் குரலில் அறை நிறைந்திருந்தது. வேறு எந்த ஒலிக்கும் அதில் இடமில்லை.

"சார், நிறுத்துங்க. பாப்பாவ பாருங்க."

திரும்பினேன். சுவரில் சாய்ந்திருந்தாள். தோள் இரண்டும் காதளவு ஏறியிருந்தன. உதடு நாவற்பழ நிறம். வாயை இறுக மூடி, மூக்கால் மெல்ல, ஓசை வராமல் இழுத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டுவிடக் கூடாது என்று. பன்னு மடியிலேயே உறங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

இழுப்பு மருந்து கொடுத்தேன். பயனில்லை. வண்டியில் வரும்போதே போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல், இரண்டு மூன்று முறை. அம்மையார் தம் வண்டியை எடுத்தார். கழுத்து நரம்பு புடைக்க ஓட்டினார். சித்தூருக்குள் திருவிழாக் கூட்டம். இறங்கி ஓடி, வழிவிடுங்கள் என்று கத்தினேன். இத்தனை ஆண்டு பழகிய குரல். ஒருவரும் திரும்பவில்லை. மேளம்.

உயிர்வளி. ஊசி. புகைமருந்து. இன்று காலை உதட்டில் நிறம் வந்தது. மருத்துவர் என்னிடம் பேசவில்லை, வளர்மதியிடம் மட்டும்.

வளர்மதி ஒன்றே கேட்டாள். "கொழந்த மூச்சு வாங்கும்போது இன்னா பேசினு இருந்தீங்க அங்க?"

ஆவணி 17, செவ்வாய்

மூடுபனி போல் மழை. கூடப்படுக்க ஒரு பாய் தந்தார்கள். காலையில் இட்லி, யாழினி பாதி உண்டாள்.

துணி எப்படி ஒத்துக்கொண்டது என்ற கேள்வி என்னைத் தின்றது. மருத்துவரும் கேட்டார். யாழினி முகமூடியை விலக்கிச் சொன்னாள்.

"தொவச்சிட்டேன் நைனா."

"எதை?"

"துணிய. மொத நாளே. வெந்நீர்ல. மூணு வாட்டி. தண்ணித் தொட்டிக்குப் பின்னால காய வச்சேன்."

"ஏன் அம்மா?"

"மொதல்ல அப்படியேதான் வச்சேன். ஒடனே இழுத்துச்சி." முகமூடியைப் போட்டுக்கொண்டாள்.

வெந்நீரில் துவைத்தால் சாகும் என்பதை நாங்கள்தாம் கற்றுக்கொடுத்தோம், ஞாயிறுதோறும். வளர்மதி வெளியே போய்விட்டாள். வராந்தாவில் அவள் அழுவது கேட்டது. நான் எழவில்லை. கட்டில் இரும்பைப் பிடித்தபடி இருந்தேன்.

ஆவணி 19, வியாழன். வீடு

நேற்று மாலை விட்டார்கள். மருந்துகள்: காலை இரண்டு, மாலை இரண்டு, புகைமருந்து மூன்று வேளை. மாடிப்படி ஏறலாகாது. பள்ளிக்கு விடுப்பு மடல் எழுத வேண்டும்.

நண்பகலில் பத்மாவதி அம்மையார் அழைத்தார். முதலில் யாழினியைக் கேட்டார். இடையில் ஒருமுறை குரல் அடைத்தது. பிறகு: "குட்டிய புத்தூர்ல ஒரு குடும்பத்துக்குத் தர்றேன் சார். ஞாயித்துக்கெழம வந்து எடுத்துகினு போறாங்க. உங்களுக்குச் சொல்லாம செய்யக் கூடாதுன்னு."

நன்றி என்றேன்.

யாழினி சுவருக்கு அப்பால் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மெல்ல வந்து கதவைப் பிடித்து நின்றாள்.

"நைனா. நீ பேசு."

"என்ன பேச?"

"அந்தம்மாகிட்ட. நீ பேசுனா எல்லாரும் ஒத்துக்குவாங்க இல்ல? முற்றத்துல இருந்தப்போ எனக்கு ஒன்னும் ஆவலியே. பன்னு வெளியவே இருக்கட்டும். நான் சன்னல்லருந்து பாத்துக்கறேன். தொடக்கூட மாட்டேன். அப்படிச் சொல்லு."

சொல்லலாம். எப்படிச் சொல்வதென்று அந்த நொடியே எனக்குத் தெரிந்தது; அதைத்தான் இங்கே எழுத வேண்டும். வெள்ளை நாயிலிருந்து தொடங்க வேண்டும். கதவைப் பார்க்கும் நாயிலிருந்து, சன்னலைப் பார்க்கப்போகும் குழந்தைக்கு வர வேண்டும். அங்கே குரலைத் தாழ்த்த வேண்டும். அடைத்த குரல் அது, தாங்காது, தந்துவிடுவார். கைப்பேசி என் கையிலேயே இருந்தது.

"பேச மாட்டேன்" என்றேன்.

"ஒரு வாட்டி."

"மாட்டேன்."

என்னைப் பார்த்தாள். அழவில்லை. "வேலூர்ல மட்டும் பேசுன."

போய்ப் படுத்துக்கொண்டாள், முகம் சுவர்ப்பக்கம். சாப்பிட அழைத்தேன். வளர்மதியும் அழைத்தாள். யாழினி எழவில்லை. கட்டிலருகே தரையில் உட்கார்ந்தேன். முதுகு ஏறி இறங்கியது. ஏறி, இறங்கி. ஓசையில்லை. ஓசையில்லாததை இனி நம்ப முடியாது; எழுந்து குனிந்து, மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தேன். மூச்சு சீராகத்தான் வந்தது. கையைத் தட்டிவிட்டாள்.