நாலாவது நட்டு

1974 ஜனவரி 17, வியாழன்

விடியும்போதே பனி. உப்பளப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. உப்பு ஆபீசுக்கு லீவு சொல்லி அனுப்பியாயிற்று. காரணம் தலைவலி. பொய்தான். சூசை அண்ணனோடு பாண்டிக்கு, அவன் ஓட்டும் வாடகைக் காருக்கு வீலும் டயரும் மாற்ற.

அண்ணனுக்கு இங்கிலீஷ் ஓடாது. டயர் ஓரத்தில் இருக்கும் எழுத்தையும் எண்ணையும் படித்துச் சொல்ல நான் வேண்டும். டைப்பிஸ்ட் தங்கையால் ஆன உபகாரம். டயருக்குப் போனது என் சீட்டுப் பணம் என்பது வேறு விஷயம்.

வீல்: அலுமினியம், நல்ல அகலம். ஊருக்குத் திரும்பிப் போன யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போனதாம். அழகுதான். சும்மா சொல்லக்கூடாது.

டயர்: அந்த அகலத்துக்கு ஒரே மாதிரி மூன்றுதான் கிடைத்தது. நேர்கோட்டுப் பட்டை. நாலாவது வேறு ஜாதி, பாம்பு நெளிகிற பட்டை. அதைப் பின்னால் இடப்பக்கம் மாட்டியது. ஒரு காலில் பூட்சு, ஒரு காலில் ரப்பர் செருப்பு என்றேன். டயர் கடை பாய் சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை.

"ஜோடி டயரு வந்ததும் பஸ்ல ஏத்தி உட்றேன் சூசை. அதுவரைக்கும் இத்த ஓட்டு."

நட்டு: பழைய நட்டு இந்த வீலில் உட்காராது. துளை ஆழம். வீலோடு வந்த கழுத்து நீண்ட நட்டுதான் போட வேண்டும், சக்கரத்துக்கு நாலு. பாய் அதையெல்லாம் ஒரு தட்டில் போட்டு என் மடியில் வைத்தார். "பத்திரம்மா. ஒண்ணு தொலைஞ்சா மெட்ராசுக்குத்தான் போவணும். உங்க ஊரு பட்டறையில தலைகீழா நின்னாலும் கிடைக்காது." நான் எடுத்துக் கொடுக்க, அண்ணன் முடுக்க. எதிரெதிராக முடுக்க வேண்டுமாம், வரிசையாக முடுக்கினால் வீல் கோணிக்கொள்ளும்.

பிறகு ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசியது. ஓரத்தை உள்ளே தட்டி மடக்கினார்கள். அதற்கு ஒரு மணி நேரம், இரண்டு டீ. பழைய வீல் ஐந்தையும் அங்கேயே மாற்றாகத் தள்ளிவிட்டான். ஸ்டெப்னி இல்லாத வண்டி. கர்த்தர் காப்பாராக.

வரும் வழியில் கேட்டேன், எதுக்குண்ணா இவ்வளவு அலங்காரம் என்று.

"உன் கல்யாணத்துக்குப் பொண்ணு வண்டி நம்ம வண்டிதானே பிலோ. தெருவே வாயப் பொளக்க வாணாமா?"

கண் கலங்கிவிட்டது. கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜன. 19, சனி

வெயில். அரை நாள் ஆபீஸ். டைப் ரிப்பன் தேய்ந்துபோய் எழுத்தெல்லாம் ஆவி மாதிரி. பெரிய கிளார்க்கிடம் கேட்டால் "அடுத்த மாசம்மா". போன மாசமும் அதேதான்.

சாயங்காலம் வீலைக் கழுவினேன். உப்புக்காற்றில் அலுமினியம் பூத்துப்போகும், நல்ல தண்ணீரில் தினம் கழுவச் சொல்லியிருந்தார் பாய். அண்ணன் கட்டிலில் படுத்தபடி வேலை சொன்னான். அண்ணி உள்ளேயிருந்து, "அவளுக்கு வண்டின்னா உசுரு!" உயிர் வண்டியில் இல்லை, மேற்கு உப்பளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

லூர்துசாமி வாத்தியார். கிறிஸ்துமஸ் முடிந்து என்னைப் பெண் பார்த்தார்கள். அவர் அம்மா சவரியம்மா, பிடித்திருக்கிறது, பொங்கல் கழித்துச் சேதி சொல்கிறோம் என்றார். அவர் என்னிடம் பேசியது ஒரே ஒரு வார்த்தை: "டைப்பிங் ஹையரா?" ஆமாம் என்றேன். அதையே நினைத்து இத்தனை நாள்.

இதற்கு முன் இரண்டு இடம். செஞ்சிக்காரர்கள், கடலூர்க்காரர்கள். வந்தார்கள், சரி என்றார்கள், பிறகு பேச்சுமூச்சு இல்லை. இது அப்படி ஆகாது. மாதாவே, ஆகக்கூடாது.

ஜன. 20, ஞாயிறு

பூசைக்குக் காரில் போனோம். பிள்ளைகள் வீலைத் தொட்டுப் பார்க்கக் கூட்டம். அண்ணன் ராஜா மாதிரி இறங்கினான்.

பிரசங்கம் முடிந்து பங்குச் சாமியார் கல்யாண ஓலை வாசித்தார். லூர்துசாமி, மணப்பெண் திண்டிவனம் பங்கு. முதல் முறை அறிவிக்கிறேன் என்றார். தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்றார். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அதற்குமேல் பூசையில் என்ன நடந்தது என்று தெரியாது. நாக்கில் நன்மை அப்பம் வாங்கினேனா? வாங்கினேன் போலிருக்கிறது.

வாசலில் சவரியம்மா என்னிடம் ஓடிவந்தார். ஒளிந்துகொள்வார் என்று நினைத்தேன். இல்லை, என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்! "எங்களுக்காக வேண்டிக்கம்மா. நீ கேட்டா ஆண்டவரு தருவாரு." கிண்டலா, பைத்தியமா? முகத்தில் இரண்டும் இல்லை. இப்போது ஞாபகம் வருகிறது, கடலூர்ப் பையனின் அக்காவும் திருவிழாவில் இப்படித்தான் ஏதோ சொன்னாள். அன்றைக்கு வெயிலில் உளறுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

அண்ணன் வழியில், "நன்றி கெட்ட ஜனம். உடு, இத்தவிட நல்ல இடம் வரும்." என் முதுகைத் தட்டிக்கொடுத்தான். அவன் ஒருவனாவது இருக்கிறானே என்று இருந்தது.

ஜன. 22, செவ்வாய்

காலம் தப்பிய மழை, மத்தியானம் முழுக்க. பாத்தியில் திரண்டிருந்த உப்பெல்லாம் கரைந்து போயிற்று. ஆபீசில் ஒரே கூச்சல். "மறுபடி மொதல்லேர்ந்து பாத்தி மிதிக்கணும், எவன் மிதிப்பான்?" என்று ஒரு பெரியவர் யாரையும் பார்க்காமல் கேட்டுக்கொண்டே போனார்.



ஜன. 24, வியாழன்

வெயில், காற்று. ஆபீஸ் விட்டு உப்பளக் கரை வழியாக நடந்து வந்தேன். சுற்றுவழி. ஏன் அந்த வழி என்று என்னையே கேட்டுக்கொண்டேன், பதில் தெரிந்தும்.

லூர்து வீட்டுக்குப் பிரிகிற களிமண் பாதை. அந்தப் பாதைக்கு அந்த ஒரு வீடுதான். மழை ஈரம் காய்ந்து தரையில் ஒரு டயர்த் தடம். வலப்பக்கம் நேர்கோடு. இடப்பக்கம் பாம்பு நெளிந்திருக்கிறது. பள்ளத்துக்குள் உப்பு பூத்து, கோலம் போட்ட மாதிரி பளிச்சென்று வெள்ளை. பூட்சும் ரப்பர் செருப்பும். ஜில்லாவிலேயே இந்தத் தடம் ஒரு வண்டிக்குத்தான்.

செவ்வாய் மழைக்கு முன் வந்திருந்தால் கரைந்திருக்கும். ஆக, நேற்று.

ராத்திரிச் சாப்பாட்டில் சாதாரணமாகக் கேட்டேன்.

"நேத்து எங்கண்ணா சவாரி?"

"செங்கல்பட்டு. ஒரு ஆஸ்பத்திரி கேசு. ஏன்?"

"சும்மாதான்."

அண்ணி குழம்புச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜன. 27, ஞாயிறு

இரண்டாம் ஓலை. இந்தத் தடவை காது நன்றாகவே கேட்டது.

பூசை முடிந்து காரில் ஏறவில்லை. நேரே சவரியம்மா வீட்டுக்கு நடந்தேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார், சிஸ்டருக்கு எழுந்து நிற்கிற மாதிரி. அதிலேயே பாதி புரிந்துவிட்டது.

"எங்கண்ணன் உங்ககிட்ட என்னம்மா சொல்லிச்சு?"

"நல்லதத்தாம்மா சொன்னாரு. சின்னப் புள்ளையிலயே நீ மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டியாம். கன்னியர் மடத்துல சேரப் போறியாம். அண்ணன் புள்ளைங்க தலையெடுக்கட்டும்னுதான் காத்திருக்கியாம். கடவுளுக்கு வச்ச பொண்ண நாங்க கேக்கலாமா? பாவம் சுத்தாது?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியேம்மா."

"சாமியாருக்கே இன்னும் தெரியாது, யாருகிட்டயும் வாயத் தொறக்காதீங்க, அவ மனசு ஒடஞ்சிடும்னு கையெடுத்துக் கும்பிட்டாரும்மா."

நான் எந்த மடத்துக்கும் நேர்ந்துகொள்ளவில்லை என்றேன். முறம் கையிலிருந்து நழுவிற்று. அரிசி வாசலெல்லாம். குனிந்து பொறுக்கினோம், இரண்டு பேரும்.

லூர்து கதவருகே எப்போது வந்து நின்றாரோ. "உங்களையே கேட்டிருக்கணும்" என்றார். அவ்வளவுதான். இரண்டு ஓலை வாசித்தாயிற்று, அங்கே ஒரு பெண் சேலை எடுத்தாயிற்று. வேறென்ன சொல்வார்.

கிளம்பும்போது சவரியம்மா அழுதுகொண்டே: "புதன்கிழமை வந்து கல்யாண வண்டிகூடப் பேசிட்டுப் போனாரும்மா. புது வீலு போட்டிருக்கேன், பொண்ண ஜம்முனு கூட்டியாரேன்னாரு."

பொண்ணு வண்டி. ஆமாம், சொன்னான். சொன்ன சொல் தவறாதவன். நான் கழுவிக் கழுவிப் பளபளப்பாக்கிய வீலில் லூர்துவின் பெண்டாட்டி வரப் போகிறாள். கூடப் பிறந்தவன், என் தலையில் மாதாவின் பெயரைச் சொல்லி மண்ணை வாரிப் போட்டிருக்கிறான். திருடன் என்றால்கூடப் பொறுத்திருப்பேன்.

பிப். 2, சனி

கோயிலில் மெழுகுதிரி மந்திரிப்பு. போகவில்லை. ஒரு வாரமாக அவனிடம் பேச்சில்லை. வீலையும் கழுவவில்லை, வெள்ளை பூக்க ஆரம்பித்திருக்கிறது.

சம்பளக் கவரை இந்த மாதம் அண்ணியிடம் கொடுக்கவில்லை. அண்ணி கேட்கவும் இல்லை. மத்தியானம் தானாகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நான் வாணாம்னுதான் சொன்னேன் பிலோ" என்றாள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நான்தான் மடச்சி.

பாக்கி வேலை: ரவிக்கை தைக்கக் கொடுத்தது, ஆபீஸ் ரிப்பன், ரேஷன் சர்க்கரை.

பிப். 5, செவ்வாய்

ஜோடி டயர் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. விடிந்தால் லூர்து கல்யாணம். காலையில் திண்டிவனம் போய்ப் பெண்ணை அழைத்து வர வேண்டும். பொழுது சாய்கிற நேரத்தில் பின் சக்கரத்தைக் கழற்றி, புது டயர் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டான். வழக்கம்போலக் கூப்பிட்டான்: "பிலோ, நட்ட எடுத்துக் குடும்மா."

போனேன். தட்டை மடியில் வைத்து உட்கார்ந்தேன். அவன் கையை நீட்டினான்.

"செஞ்சிக்காரங்ககிட்ட என்னண்ணா சொன்னே?"

கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தான். வண்டியைப் பார்த்தான். "அதேதான்" என்றான். ஒரு நட்டு கொடுத்தேன். முடுக்கினான்.

"கடலூர்க்காரங்க?"

"...அதேதான்." இன்னொரு நட்டு. எதிர்ப் பக்கம் முடுக்கினான்.

"ஏண்ணா?"

ஸ்பேனரைத் துடைத்தான். பிறகு ஒரேயடியாகக் கத்தினான். "நீ போயிட்டா இந்த வீடு என்னாவும்? பெட்ரோல் விக்கிற வெலைக்கு வண்டி சோறு போடுமா? மூணு புள்ளைங்கள யாரு படிக்க வைப்பா? நீ போடி, நல்லா இரு, நாங்க கடல்ல உழுந்து சாவறோம்!" அழுதான். அவன் அழுதால் எனக்குத் தாங்காது, சின்ன வயதிலிருந்தே. அதுவும் அவனுக்குத் தெரியும். உண்மை சொன்னதற்காக மூன்றாவதைக் கொடுத்தேன்.

நாலாவதைக் கையில் மூடிக்கொண்டு எழுந்தேன். "காலைல மொதல்ல சாமியார்கிட்ட போ. என் தங்கச்சி எங்கயும் நேர்ந்துக்கல, நான் கட்டுன கதைன்னு உன் வாயால சொல்லு. வந்து இத்த வாங்கிக்க."

"காலைல பாக்கலாம். குடும்மா."

"சொல்லிட்டு வா."

பிப். 6, புதன்

கடும் பனி. கார் ஜாக்கியின் மேலேயே. மூன்று நட்டில் கல்யாணப் பெண்ணை ஏற்றிவர அவனுக்கும் தைரியமில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினான். சன்னலில் நின்று பார்த்தேன். தெருமுனையில் வலப்பக்கம் போனால் கோயில், சாமியார் வீடு. இடப்பக்கம் போனால் மோட்டார் பட்டறை. பட்டறையில் இந்த நட்டு கிடையாது. பாய் சொன்னபோது என் பக்கத்தில்தான் நின்றான். என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

இடப்பக்கம் திரும்பினான்.

அழுதேன், கொஞ்ச நேரம். திண்டிவனத்தில் அந்தப் பெண் பூ வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் என்ன பாவம் செய்தாள்? கீழே போய் நட்டை நானே திருகினேன், ஸ்பேனரால் முழு மூச்சில் முடுக்கினேன். வண்டி ஆடவில்லை.

முதல் மணி அடிக்கிறது. முகம் கழுவியாயிற்று. சாமியாரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். சொல்லிவிட்டு அப்படியே ஆபீஸ்.