முற்றத்துக் கமரா

இன்று உன் வீட்டு ஒழுங்கையால் வந்தேன். கைப்பேசியில் உன் வைஃபையின் பெயர் எழும்பியது: ‘தொடாதே’. பக்கத்தில் பூட்டுக் குறி. அடம்பன் றோட்டில் நீ மோட்டார் சைக்கிளோடு விழுந்து செத்து நாற்பது நாள். இன்னும் ஆட்களை விரட்டுகிறாய்.

எரிச்சலாக இருக்கிறது, மச்சான்.

கிழமைக்கொரு பாஸ்வேர்ட். மனைவிக்கும் சொல்லமாட்டாய், அவளுடைய கைப்பேசியை வாங்கி நீயே அடித்துக் கொடுப்பாய். முற்றத்துக் கமராவுக்கு வேறொன்று. மெமரி கார்டைக் கழற்றினாலும் படம் தெரியாது என்று பெருமை வேறு.

“ஆரடா இஞ்ச வந்து ஹேக் பண்ணப்போறான்? றோட்டில திரியிற கழுதையோ?” என்று ஒருநாள் கேட்டேன்.

நீ சிரிக்கவில்லை. “கழுதைக்கு வேலி காணும். வைஃபைக்கு ஏதடா வேலி? றோட்டில நிண்டே உள்ளுக்கு வந்து முற்றத்தைப் பாப்பான்.”

நீ போன பிறகு உன் மனைவி கேட்டது ஒன்றுதான். “அண்ணா, அவர் படலை திறந்து வாறதை ஒருக்காப் பாத்தாக் காணும்.”

உன் பிறந்தநாள், மகளின் பெயர், மோட்டார் சைக்கிள் இலக்கம். நீ அப்படி வைக்கிறவன் இல்லை என்று தெரிந்தும் கமராவின் பாஸ்வேர்டாக அடித்துப் பார்த்தேன். பத்து நாள். பத்து நாளும் கமரா ஓடியது. அசைவதையெல்லாம் பதியும், கார்டு நிறைந்தால் பழையதை அழித்துவிட்டுப் பதியும். படலையடியில் கழுதைகள் வந்தன, நின்றன, போயின. ஒவ்வொன்றுக்கும் உன்னில் கொஞ்சம் அழிந்தது.

பிளக்கைக் கழற்றலாம் என்று எனக்குத் தோன்றியது பதினோராம் நாள். நானும் ஒரு பட்டதாரி.

டவுனில் கைப்பேசி திருத்தும் கடைக்காரர் ஒருவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “திறக்கலாம் தம்பி. ஒரு கிழமை வச்சிட்டுப் போங்கோ. உள்ளுக்குக் கிடக்கிறதை முழுக்கப் பாக்கவேணும்.”

வந்து அவளிடம் சொன்னேன். அவள் முற்றத்துக் குழாயடியைப் பார்த்தாள். மகளை அங்கேதான் குளிப்பாட்டுவாள்.

“முழுக்கவோ?”

“ஓம்.”

“அப்ப வேண்டாம் அண்ணா.” கார்டை என்னிடமிருந்து வாங்கி, “அவர் இதுக்குத்தானே பூட்டினவர்” என்றாள்.

நீ சொன்னது சரிதான். அதனால் கோபம் குறையவில்லை. ஒரு துண்டுத் தாளில் எழுதி அவளிடம் கொடுத்திருக்கலாம். ஆரோ ஒருத்தனுக்குப் பயந்து அவளையும் வெளியே நிறுத்திவிட்டாய். கார்டு அவளுடைய அலுமாரியில் இருக்கிறது. அதில் நீ மிச்சமா, கழுதைகள் மட்டுமா, தெரியாது.

போன கிழமை என் வீட்டு வைஃபைக்கும் நீளமான பாஸ்வேர்ட் வைத்தேன். நீ சொல்லித்தந்த மாதிரியே, எழுத்தும் இலக்கமும் கலந்து. அதைத் தாளில் எழுதி அம்மாவிடம் நீட்டினேன்.

“இது என்னத்துக்கு எனக்கு?”

“நான் இல்லாத நேரம்” என்றேன்.