மீன்தலைச் சோறும் ஒரு ரத்தப் பரிசோதனையும்

இன்று காலை கீழ் வீட்டிலிருந்து மீன்தலை வேகும் வாசனை வந்தது. குழம்பு வாசனை இல்லை. புளியோ மிளகாயோ சேராமல், ரேஷன் அரிசியோடு தலையும் குடலும் வெறுமனே வேகிற வாசனை. புதிதாகக் குடி வந்த பெண்ணும் பூனைகளுக்குச் சோறு வைக்கிறாள் போலிருக்கிறது. பல் துலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது.

மார்க்கெட் முடிந்து மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்ததும் உனக்கு அதுதான் வேலை. ராயபுரத்தில் அந்தப் பின்சந்தில் மூன்று செங்கல்லை வைத்து, கரிபிடித்த குண்டானை ஏற்றுவாய். ஏழெட்டுப் பூனைகள் சுற்றி உட்கார்ந்து உன் கையையே பார்த்துக்கொண்டிருக்கும். தண்டையார்பேட்டை கிடங்கு ஆபீசில் வேலை முடித்து பஸ்ஸை விட்டு இறங்கினால் நான் நேராக அங்கேதான் வருவேன். ஒன்பதாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். உன் அப்பா படுத்த படுக்கையானதும் நீ கூடையைத் தூக்கினாய், நான் மேலே படித்தேன். பிள்ளை இல்லை என்று சொல்லி உன் புருஷன் எண்ணூரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டபோது நீ அழுததைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அதனால்தான் நான் பிறகு செய்தது இன்னும் கூசுகிறது.

எனக்கு இரண்டு முறை கரு கலைந்தது உனக்குத் தெரியும். மூன்றாவது தங்கி மூன்று மாதம் ஆனபோது ரத்தம் எடுத்தார்கள். வந்த தாளில் வாயில் நுழையாத ஒரு பெயர், டாக்ஸோபிளாஸ்மா. அதற்கு நேரே பாசிட்டிவ் என்று இருந்தது. என் மாமியாரின் தம்பி ஒரு கிளினிக்கில் கம்பவுண்டர். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"இது பூனைகிட்டருந்து வர்ற பூச்சி. முன்னாடி ரெண்டும் இதாலதான் போயிருக்கும். இதுவும் கண்ணு தெரியாம, மூளை வளராம பொறக்கும். இப்பவே கலைச்சுட்டா நல்லது."

மாமியார் மாதா படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை கலைக்கப் போவது என்று முடிவாயிற்று. என்னை யாரும் கேட்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு உன்னிடம் வந்தேன்.

நீ சோற்றை ஆற வைத்துக்கொண்டிருந்தாய். நான் குண்டானை எட்டி உதைத்தேன். பூனைகள் சிதறி ஓடின. மீன் வெட்டிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் முன்னால் வைத்துத்தான் சொன்னேன்: "உனக்குத்தான் வயிறு தொறக்கல. எனக்கும் தொறக்கக் கூடாதுன்னுதான் இதுங்கள வளக்குறியா?"

குனிந்து குண்டானை நிமிர்த்தினாய். கையில் இருந்த தாளை உன் மேல் வீசிவிட்டு நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் நீ கடை போடவில்லை என்று கேள்விப்பட்டேன். அதற்கு அடுத்த நாள், சனிக்கிழமை காலை, தேவாலயத்துக்குக் கட்டுகிற பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாய். மாமியார் கதவை மறித்துக்கொண்டார்.

"பூனைக்காரி, உள்ள வராதே."

"நான் உள்ள வர்ல அத்தே. உம் மருமவள வெளிய அனுப்பு."

பிறகு என்னைப் பார்த்து, "கெளம்பு. பெரியாஸ்பத்திரில டாக்டரம்மா ஒன்ன இட்டாரச் சொல்லிச்சு" என்றாய். நான் வீசிய தாளை எடுத்துக்கொண்டு போய், முந்தின நாள் முழுக்க வரிசையில் நின்றிருக்கிறாய். அதை பஸ்ஸில் போகும்போதுதான் சொன்னாய். உன் ரத்தத்தையும் எடுக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாய்.

அந்த டாக்டரம்மாவுக்கு அவசரமே இல்லை. தாளை மேசையில் விரித்து இரண்டு வரிகளைக் காட்டினார்.

"இது ஐ.ஜி.எம். புதுசா தொத்தினா இதுதான் முதல்ல ஏறும். உங்களுக்கு இது இல்லை. இது ஐ.ஜி.ஜி. எப்பவோ வந்து போனதுக்கு அடையாளம். இது மட்டும்தான் இருக்கு. பாசிட்டிவ்னு ஒரு வார்த்தையைப் பார்த்துட்டு பயந்திருக்கீங்க."

"போயிடுச்சுன்னா, பூச்சி செத்துப்போச்சா?" என்று நீதான் கேட்டாய்.

அவர் பேனாவை எடுத்து ஒரு வட்டம் போட்டார். அது நம் உடம்பின் ஒரு செல். உள்ளே ஒரு புள்ளி வைத்தார். வெளியே சுற்றுகிற கிருமியை ரத்தத்தில் இருக்கிற எதிர்ப்புப் பொருள் பிடித்துவிடும், ஆனால் இந்தக் கிருமி செல்லுக்குள்ளேயே நுழைந்து ஒளிந்துகொள்கிறது, அங்கே அந்தப் பொருள் போக முடியாது என்றார்.

"அதுக்காக உடம்பு சும்மா இருக்காது. உள்ளே ஆள் இருக்கிறதை அந்த செல்லே வெளியில அடையாளம் காட்டும். வெள்ளை அணுக்கள்ல ஒரு வகை அதைக் கண்டுபிடிச்சு, ஒரு ரசாயனத்தை விடும். அது பட்டதும் செல்லுக்கு பலம் வரும். தனக்குள்ள இருக்கிறதைத் தானே கொல்லப் பார்க்கும். சில சமயம் வெள்ளை அணுக்கள் அந்த செல்லையே சேர்த்து அழிச்சுடும். தப்பிச்ச கொஞ்சம் கிருமி மட்டும் தசையிலயும் மூளையிலயும் கூடு கட்டிக்கிட்டு அடங்கிடும். எதிர்ப்பு சக்தி நல்லா இருக்கிற வரைக்கும் அது எழுந்திருக்காது."

"அப்போ குழந்தைக்கு?" என்றேன்.

"கர்ப்பமா இருக்கும்போது முதல்முறையா தொத்தினாதான் ஆபத்து. உங்க உடம்பு அதுக்கு முன்னாடியே ஜெயிச்சு வெச்சிருக்கு. குழந்தைக்குப் போற வாய்ப்பு ரொம்பக் குறைவு. முன்னாடி கலைஞ்சதுக்கும் இதைக் காரணமா சொல்ல முடியாது. மூணு வாரம் கழிச்சு இன்னொரு தடவை பார்ப்போம். அதுவரைக்கும் யார் சொன்னாலும் கலைக்கப் போகாதீங்க."

பூனையைத் தொட்டதால்தான் வந்தது என்றும் சொல்லிவிட முடியாதாம். சரியாக வேகாத கறியில் இருந்திருக்கலாம், கழுவாத கீரையில் இருந்திருக்கலாம். நான் உன் பக்கம் திரும்பவில்லை.

வரும் வழியில் பஸ்ஸில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்து உனக்குள் சிரித்துக்கொண்டாய். "இன்னாமே, உள்ள பூந்தவன் உள்ளயே மாட்டிக்கினான். வாசல்ல போலீசு குந்திகினு கீது."

"உனக்கும் இருக்கா?"

"காலீல தாள் வாங்கினேன். கீதாம். எனக்கும் பழசுதானாம்."

திங்கட்கிழமை நான் கலைக்கப் போகவில்லை. அந்த மூன்று வாரமும் நீ தினம் சாயங்காலம் வந்தாய். வாசலோடு நின்று, "சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போவாய். அதைக் கேட்கவும் வந்தாய், என்னைக் கலைக்க அழைத்துப்போகக் கம்பவுண்டர் மாமா வந்திருக்கிறாரா என்று நோட்டம் பார்க்கவும் வந்தாய். இரண்டாம் பரிசோதனையிலும் புதிய தொற்று ஏதும் இல்லை. டாக்டரம்மா தாளைப் பார்த்துத் தலையசைத்ததும் நீ என் கையைப் பிடித்தாய். உன் விரல்கள் ஐஸில் கிடந்த மாதிரி இருந்தன. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, நீயும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாய்.

மகள் பிறந்தாள். கண்ணைப் பார்த்தார்கள், தலையை ஸ்கேன் எடுத்தார்கள், ஒரு குறையும் இல்லை. நீ வார்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தாய். என் மாமியார்தான் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"பூனைக்காரி, இந்தா, புடி."

நீ கையை நாலு தடவை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாய் என்று மாமியார் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு பதினான்கு வருடம் அவளுக்கு நீ பெரியம்மா. முள் எடுத்து மீன் ஊட்டியது நீ, சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது நீ. ஒரு நாள் மார்க்கெட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உன் அடக்கத்தில் என்னைவிட அவள்தான் அதிகம் அழுதாள்.

அவளுக்கு இப்போது பதினாறு. நோய் எதிர்ப்பு பற்றி அவள் பாடத்தில் வருகிறது. போன வாரம் செல், வெள்ளை அணு என்று உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அன்று சந்தில் நான் உன்னைச் சொன்ன வார்த்தையையும் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவள் புத்தகத்தை மூடிவிட்டாள்.

"பெரியம்மாகிட்ட மன்னிப்பு கேட்டியாம்மா?"

"கேட்டேன். நீ பொறந்த அன்னிக்கு. 'அத்தெல்லாம் வுடு'ன்னுட்டா."

"நீ வுட்டியா?"

"இல்லை" என்றேன்.

உண்மைதான். அந்த வார்த்தை என்னை விட்டுப் போகவில்லை, முன்போல் இப்போது அது வலிப்பதும் இல்லை. ஆனால் ஆபீசில் பக்கத்து மேசைக்காரியிடமோ, வீட்டில் இவளிடமோ கோபத்தில் வாய் திறக்கும்போது அது உள்ளே லேசாக அசைகிறது. நான் நிறுத்திக்கொள்கிறேன். எதிரில் இருப்பவளை உட்காரச் சொல்லி, என்ன நடந்தது என்று கேட்கிறேன்.