குறிஞ்சா இலையை நம்பியவர்

ஓகஸ்ட் 12, செவ்வாய்

விடியும் முன்பே சோளகக் காற்று. முற்றம் கூட்டி முடிக்கவில்லை, திரும்பவும் சருகு. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. கொஞ்ச நேரத்திலேயே மோட்டர் காற்று இழுக்கிறது. வல்லாரைப் பாத்திக்கு வாளியால் ஊற்றினேன். இடுப்பு நோ.

குரங்குகள் கொய்யாப் பிஞ்சு முழுவதையும் கடித்துத் துப்பிவிட்டுப் போய்விட்டன. தின்றாலாவது மனம் ஆறும்.

தூதுவளை காயவைக்க வேண்டும். ஆடாதோடைத் தடி நட வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

இவர் இன்றும் தேங்காய்ப்பூப் போட்டுக் குறிஞ்சா இலை வறை கேட்டார். ஒரு கிழமைக்கு மேலாக ஒவ்வொரு நாளும் கேட்கிறார். கல்யாணம் செய்த நாள் முதல் என் தோட்டத்துக்கு இவர் வைத்த பெயர் பத்தைக்காடு. "உன்ர பத்தைக்கு ஊத்துற தண்ணிக்கு நாலு வாழை வைச்சிருக்கலாம்" என்று சொல்லும் மனுசன், சோற்றுக்கு மேல் இரண்டாம் தரமும் வறை போட்டுச் சாப்பிடுகிறார். கைப்பு என்று ஒரு சொல் இல்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோசப் புளுகம். காட்டிக்கொள்ளவில்லை.

ஓகஸ்ட் 14, வியாழன்

வெயில். வேலை ஒன்றும் ஓடவில்லை. காலையிலிருந்து ஆட்கள்.

எல்லாம் மகள் சங்கவியால். ஏ.எல். முடித்துவிட்டு கம்பஸுக்குக் காத்திருக்கும் பிள்ளை, பொழுது போகட்டும் என்று என் மருந்துச் செடிகளை வீடியோ எடுக்கவிட்டேன். சீனிக்குக் குறிஞ்சா நல்லது என்று நான் சொன்னதைப் போன மாதக் கடைசியில் போட்டிருக்கிறாள். கன பேர் பார்த்துவிட்டார்களாம்.

இன்று பூநகரியிலிருந்து மோட்டர் சைக்கிளில் ஒரு புருசனும் பெண்சாதியும். அந்த மனுசிக்குச் சீனி வருத்தம், இன்சுலின் ஊசி போடுகிறவ. "இந்த இலையோட ஊசியை விடலாம் எண்டு உங்கட வீடியோவிலை கண்டனான்" என்றா.

"இது சாப்பாடு தங்கச்சி, ஊசிக்குப் பதில் இல்லை. ஊசியை விட்டிடாதேங்கோ" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினேன். அவவுக்கு முகம் கறுத்துவிட்டது. இலை தர மனமில்லாமல் சொல்கிறேன் என்று நினைத்திருப்பா.

பிறகு சங்கவியின் போனை வாங்கிப் பார்த்தேன். குளிசையை நிறுத்தக்கூடாது, கிளினிக்கில் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்று நான் கடைசியில் சொன்னது அதில் இல்லை.

"நீளமாப் போச்சம்மா. நீளமெண்டால் ஒருத்தரும் பாக்கமாட்டினம். அதான் வெட்டினனான்."

"அதைத்தானடி முக்கியமாச் சொன்னனான்!"

"கத்தாதேங்கோ. பின்னேரம் திருப்பிப் போட்டுவிடுறன்."

பின்னேரமும் போடவில்லை. டேட்டா முடிந்துவிட்டதாம். நான் சாப்பிடாமல் படுத்தேன். ஒருவரும் வந்து கேட்கவில்லை.

ஓகஸ்ட் 16, சனி

சிறுபோக வெட்டு. எங்கள் வயலுக்கு இன்றுதான் நெல் வெட்டும் மெசின் கிடைத்தது. மத்தியானம் சாப்பாடு கொண்டு போனேன். இவர் வரம்பில் நொண்டி நொண்டி வருகிறார்.

"என்ன காலிலை?"

"ஒண்டுமில்லை. கட்டை குத்திப்போட்டுது."

செருப்பைக் கழற்றச் சொன்னேன். மாட்டேன் என்றார். பிடித்துக் கழற்றினேன். வலது கால் சின்ன விரல் கறுத்து, பாதம் வீங்கி, சுற்றியிருந்த சீலைத் துண்டில் மஞ்சளும் சீழும். மணம். குத்தி எத்தனை நாளோ. வெட்டு முடியட்டும் என்று பேசாமல் இருந்திருக்கிறார்.

வீட்டுக்குக் கூட்டிவந்து இவரின் சீனிக் குளிசைப் பையைத் தேடினேன். அலுமாரிக்கு மேலே, கிளினிக்கில் கொடுத்த மாதிரியே இருந்தது. பிரிக்கவில்லை.

"எப்ப நிப்பாட்டினீங்கள்?"

"குறிஞ்சா தின்னத் தொடங்கின நாளோட."

"ஆர் சொன்னது நிப்பாட்டச் சொல்லி?"

"ஆரும் சொல்லேல்லை. அந்தக் குளிசை வயித்தைக் குழப்புது, வயலிலை நிண்டு வேலை செய்யேலாது. பிள்ளையின்ர வீடியோவிலை உன்ர கதையைக் கேட்டனான். நல்லாத்தான் சொன்னாய். பிறகென்னத்துக்குக் குளிசை எண்டு விட்டிட்டன்."

நல்லாத்தான் சொன்னாயாம். இத்தனை வருசத்தில் முதல் தரம். அதை எந்த நேரத்தில் சொல்கிறார். அடிக்கவா அழவா என்று தெரியவில்லை. ஓட்டோவுக்குப் போன் அடித்தேன்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

கிளிநொச்சி ஆஸ்பத்திரி. நேற்றே வார்ட்டில் மறித்துவிட்டார்கள். சீனி சரியான கூட.

இன்று காலை டொக்டர் வந்து என்ன மருந்து எடுத்தனீங்கள் என்று கேட்டார். இவர் என்னைக் கையால் காட்டி, "மனுசியின்ர மருந்து" என்றார். பக்கத்துக் கட்டில்காரர் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நிலம் பிளக்கவில்லை.

"அது மருந்தில்லை டொக்டர், வறை" என்றேன். எனக்கே சிரிப்புக் கதை மாதிரி இருந்தது.

அவர் ஏசவில்லை. "இலை சாப்பிடுறதெண்டால் எங்களுக்குச் சொல்லுங்கோ. குளிசையோட சேர்ந்தால் சீனி இறங்கியும் போகும். ஆனா நீங்களாக் குளிசையை நிப்பாட்டக்கூடாது." விரல் தப்புமா என்று கேட்டேன். பார்ப்போம் என்றார். அந்தப் பார்ப்போம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

சின்ன விரலை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பியது.

சங்கவி கட்டிலில் தலையை வைத்து அழுதாள். வீடியோவை அழித்துவிட்டாளாம். "ஒரு விரல்தானே பிள்ளை, மிச்சம் ஒன்பது கிடக்கு" என்று இவர் அவளுக்கு ஆறுதல். நான் ஒருத்தி பக்கத்தில் நிற்கிறேன், எனக்கு ஒரு ஆறுதல் கிடையாது.

வெளியே தண்ணீர்க் குழாயடியில் ஒரு மனுசி கையைப் பிடித்தா. "நீங்கள் அந்தக் குறிஞ்சா அக்கா எல்லோ? என்ர அவருக்கும் கொஞ்சம் தாறியளோ?" வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன். பாவம், அவவின் கண்ணும் வீங்கியிருந்தது. குளிசை எடுக்கிறாரா என்று மட்டும் கேட்டேன். ஓம் என்றா. "அதை விடாமல் குடுங்கோ" என்றுவிட்டு வந்தேன்.

பின்னேரம் வீடு. வல்லாரை முழுக்கக் கருகிவிட்டது. நாலு நாள் ஒருவரும் ஊற்றவில்லை. சங்கவி பந்தலடியில் கத்தியோடு நிற்கிறாள்.

"இந்தக் குறிஞ்சாவை வெட்டி விடுவமோ அம்மா?"

"கொடி என்னடி செய்தது? கத்தியைக் குசினியிலை வை. வாளியை எடு."

இருவரும் இருட்டும்வரை ஊற்றினோம்.

ஓகஸ்ட் 21, வியாழன்

பஸ் பிந்தி வந்தது. நின்றுகொண்டே போனேன். இடியப்பமும் சொதியும் கொண்டு போனேன்.

இவர் தெளிந்திருக்கிறார். காயம் காய்கிறதாம். இரண்டு இடியப்பம் சாப்பிட்டுவிட்டு மெல்ல என் பக்கம் சாய்ந்தார்.

"நாளைக்கு வரேக்கை கொஞ்சம் குறிஞ்சா வறை கொண்டுவாவன்."

கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. வார்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது, நேர்ஸ் ஓடிவந்தா. பிறகு அழுகை வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை.

இவர் பயந்துபோனார். "குளிசை போட்டிட்டனப்பா, கேட்டுப் பார். இது மருந்துக்கில்லை. வாய்க்கு ருசியாக் கிடந்தது, அதான் கேட்டனான்" என்றார். பிறகு, "வேண்டாமெண்டால் விடு. பருப்பெண்டாலும் கொண்டுவா."