மரிங்காவிலிருந்து மலிவு ரிக்கற்

மச்சான்,

இன்று காலை தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தபோது உன் மணி அடித்தது. என் கைபேசியில் நீ வைத்துவிட்டுப் போன மணி. மரிங்கா – லண்டன், விமான ரிக்கற் விலை இறங்கியிருக்கிறது என்று திரையில் எழுத்து. பிரேசிலில் மகள் இருக்கும் ஊரிலிருந்து எப்போது விலை இறங்கினாலும் அது அடிக்க வேண்டும் என்று, இதே குசினி மேசையில் இருந்துதான் நீ அதைச் செய்துவைத்தாய். எப்படிச் செய்தாய் என்று எனக்குத் தெரியாது. எப்படி நிறுத்துவது என்றும் தெரியாது.

"ரிக்கற் போன கிழமையே வாங்கியாச்சு. இனி உதை நிப்பாட்டுங்கோவன்," என்றாள் மனைவி. பிறகு அவளே, "செத்தும் உந்த மனுசன் சும்மா இருக்கேல்லை," என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பால் எடுக்கப் போனாள்.

மகள் அங்கே வாழ்க்கைப்பட்டபோது நான் மரிங்காவை உலகப்படத்தில் கடற்கரையோரமாகத் தேடினேன். பிரேசில் என்றால் கடற்கரையும் பந்தும். என் படிப்பு அவ்வளவுதான். மருமகனுக்கென்று ஹவுன்ஸ்லோ கடையொன்றில் நல்ல நீச்சல் காற்சட்டை ஒன்று வாங்கிவைத்தேன். "அப்பா, அங்க கடலே இல்லை," என்றாள் மகள். "இவன் ஹீத்ரோவில வேலை செய்யிறான் எண்டு வெளியில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ," என்று நீ மாதா கோவில் மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னாய். சொன்னதில் பிழையில்லை. விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவனுக்கு ஊர்களின் மூன்றெழுத்துச் சுருக்கம் தெரியும். அந்த ஊர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பெட்டி சொல்வதில்லை.

நீ பாரிசிலிருந்து இங்கே வந்து வீடுகளுக்குப் பெயின்ற் அடித்தவன். ஆனால் ஞாயிறு பூசை முடிந்தால் கோவில் மண்டபத்தில் உன்னைச் சுற்றித்தான் கூட்டம். கொழும்புக்கு, ரொறன்ரோவுக்கு, எங்கே போகிறவர்களுக்கும் நீதான் ரிக்கற் பார்ப்பாய். கூலி, தின்ன ஒரு ரோல்ஸ், குடிக்க ஒரு தேத்தண்ணி. விலையைப் பார்ப்பாய், உதட்டைப் பிதுக்குவாய், கணினியைப் படாரென்று மூடுவாய்.

"கூடச் சொல்லுறான். எழும்பு, தேத்தண்ணி குடிச்சிட்டு வருவம். போறம் எண்டு கண்டால் இறங்குவான்."

"நாங்கள் எழும்பிப் போறது கம்பியூட்டருக்குத் தெரியுமே?"

"மன்னார்ச் சந்தையில மீன்காரிக்குத் தெரியுது. உவனுக்குத் தெரியாதோ?"

வியப்பு என்னவென்றால், பல தடவை இறங்கியும் இருந்தது. வாங்கி முடித்ததும் யாரையும் மறுபடி பார்க்க விடமாட்டாய். "வாங்கின பிறகு விலை பாக்கிறவன் விசரன், முழுப் பைத்தியம்," என்பாய்.

மரிங்கா உனக்குப் பிடித்த கணக்காக இருந்தது. அப்படியான உள்நாட்டு ஊரிலிருந்து லண்டனுக்கு நேரே விமானம் கிடையாது; சாவோ பாவுலோவுக்கு வந்து மாற வேண்டும். முழுவதையும் ஒரே ரிக்கற்றாக எடுத்தால் விலை ஏறும். உள்நாட்டுத் துண்டைத் தனியாக, கடல் தாண்டும் துண்டைத் தனியாக எடுத்தால் சில நாட்களில் நன்றாக இறங்கும். இதை உன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அதனால்தானோ என்னவோ, பாதிதான் தெரிந்தது.

பேரன் பிறக்க முன்பே ஞானத்தகப்பன் நீதான் என்று மகள் சொல்லிவிட்டாள். ஞானஸ்நானத்தை இங்கே கோடையில் வைப்பதாக இருந்தோம். உன் வைத்தியர் சொன்னதைக் கேட்ட பிறகு மாசிக்கு முன்தள்ளினோம். ஏன் என்று உனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை.

நீ ஆஸ்பத்திரியில் கிடக்க, உன்னிடம் கேட்காமல் மகளுக்கும் பேரனுக்கும் நானே ரிக்கற் எடுத்தேன். உன்னைத் தொல்லைப்படுத்தக்கூடாது என்று மனைவியிடம் சொன்னேன். உண்மையில், உன் புருவம் ஒருமுறையாவது எனக்காக உயர வேண்டும் என்று ஆசை. விலையைச் சொன்னதும் உயர்ந்தது.

"நீயோ எடுத்தனி?"

"ஓம். ரெண்டு துண்டா."

"மரிங்காவில இருந்து வந்து எங்க இறங்குறாள்?"

"சாவோ பாவுலோவில."

"சாவோ பாவுலோ ஊர், மச்சான். எந்த எயார்போர்ட்?"

கைபேசியை எடுத்துப் பார்த்தேன். இறங்குவது கொங்கோன்யாஸ் என்றிருந்தது. ஏறுவது குவாருல்யோஸ். ஒரே விமான நிலையத்துக்குப் பிரேசில்காரர் இரண்டு பெயர் வைத்திருக்கலாம் என்று ஒரு கணம் நம்பப் பார்த்தேன்.

"லூட்டனில இறக்கி ஹீத்ரோவில ஏத்துறாய்," என்றாய். "கைக்குழந்தையோட. உன்ர பிள்ளையை." ஒட்சிசன் குழாயோடு சிரித்தாய், சிரிப்பு இருமலானது, தாதி வந்து என்னை முறைத்தாள்.

இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவில் அவ்வளவு பெரிய நகரம், அதன் வாகன நெரிசல். இரண்டும் வெவ்வேறு ரிக்கற் என்பதால், தவறவிட்டால் எந்த விமான நிறுவனமும் அவளுக்குப் பொறுப்பெடுக்காது. அந்தக் கிழமை வேறு ரிக்கற் என் கைக்கு எட்டும் விலையில் இல்லை. அடுத்த கிழமைக்குத் தள்ளலாம் என்று வாய்வரை வந்தது. உன்னைப் பார்த்தேன். தள்ள ஏலாது என்று தெரிந்தது. நீ கண்ணை மூடிக் கிடந்தாய். நித்திரை என்று நினைத்தேன்.

"மருமகன்ர தமக்கை எங்க இருக்கிறா?" என்றாய், கண் திறக்காமலே.

"எந்தத் தமக்கை?"

"கலியாணத்தில எனக்குப் பக்கத்தில இருந்து சாப்பிட்டவ. பல்லு டொக்டர். சாவோ பாவுலோவில எல்லே இருக்கிறா?"

மருமகனுக்குத் தமக்கை இருப்பது எனக்குத் தெரியும். எந்த ஊர் என்று நான் கேட்டதே இல்லை. நீ, தமிழ் தெரியாத அந்தப் பெண்ணோடு, போர்த்துக்கேயம் தெரியாமல், ஒரு சோற்றுக்கோப்பை முடிவதற்குள் குடும்பக் கதை முழுவதும் கேட்டு முடித்திருந்தாய்.

"மரிங்கா ரிக்கற்றை விடு, அது சின்னக் காசு. முதல்நாள் வாற விமானம் ஒண்டு எடு. இரவு தமக்கை வீட்டில நிக்கட்டும். அவ கொண்டுபோய் ஏத்திவிடுவா." பிறகு மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாய்: "முதல் ஆர் எங்க இருக்கினம் எண்டு பார். பிறகு விலையைப் பார்."

மகள் வந்துசேர்ந்தாள். தமக்கை குவாருல்யோஸ் வரை காரில் கொண்டுவந்து விட்டு, வழிக்குச் சாப்பாடும் கட்டிக் கொடுத்திருந்தாளாம். சொந்தம் என்றால் அங்கேயும் அப்படித்தான் போலிருக்கிறது.

உனக்கு ஆஸ்பத்திரியில் அரைநாள் விடுப்புக் கொடுத்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்தபடி, பேரனை மடியில் வைத்துக்கொண்டாய். சுவாமியார் தண்ணீரோடு காத்துக்கொண்டிருக்க, நீ அவன் காதில் சொன்னாய்: "ரெண்டு வயசு மட்டும் மடியில வரலாம். பெரிய காசில்லை. அதுக்குள்ள அடிக்கடி வந்திடு, என்ன?" அவன் உன் விரலைப் பிடித்து வாயில் வைத்தான். சுவாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீ கோவிலுக்கு வந்த கடைசி நாள் அது.

இப்போது உன் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு அவர்கள் வருகிறார்கள். பேரன் மடியில் வரும் கடைசிப் பயணம் இதுவாகத்தான் இருக்கும். போன கிழமை ரிக்கற் பார்க்க முன் மகளுக்குப் போன் அடித்தேன்.

"உன்ர பல்லு டொக்டர் மச்சாள் அந்தக் கிழமை வீட்டில நிக்கிறாவோ? கேட்டுச் சொல்லு. பிறகுதான் விலை பாப்பன்."

"அப்பா, யூ சவுண்ட் லைக் மாமா," என்று சிரித்தாள். பின்னேரம் கேட்டுச் சொன்னாள்: நிக்கிறாவாம்.

மண்டபத்தில் இப்போது என்னிடம் வருகிறார்கள். என் ரிக்கற் வித்தை எப்படிப்பட்டது என்று தெரியாதவர்கள். போன ஞாயிறு, ஜெர்மனியிலிருந்து கிழக்கு லண்டனுக்கு வந்து கடை வைத்திருப்பவர் ஒருவர், "அண்ணை, ஒஸ்லோவுக்கு ஒரு மலிவு ரிக்கற் பாக்க வேணும்," என்று வந்தார். அங்கே உங்களுக்கு யார் இருக்கினம் என்று கேட்டேன். தம்பியாம். கன காலம் கதை பேச்சில்லையாம். தேத்தண்ணி ஆறும்வரை தம்பியைப் பற்றியே சொன்னார். ரிக்கற் பார்க்கவே இல்லை. வீட்டுக்குப் போய்த் தம்பிக்குப் போன் அடிக்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். என் ரோல்ஸ் காசையும் அவரே கொடுத்தார்.

இன்று காலை அடித்த மணிக்கு வருகிறேன். நான் வாங்கியதைவிட விலை நன்றாக இறங்கியிருந்தது. எந்த விமான நிலையம் என்றும் பார்த்தேன்; இரண்டும் குவாருல்யோஸ். தண்ணீர் கொதித்து அடுப்பில் வழிய, மனைவி சத்தம் போட, நான் முழுவதையும் வாசித்துத்தான் வைத்தேன்.

ஓம் மச்சான், விசரன்தான். நாளைக்கும் அடி. பாக்கிறன்.